பயந்தாங்கொள்ளிக்கு எத்தனை மார்க்?

2001 செப்டம்பர் 14 அன்று நிண்டெண்டோ தன் கேம்கியூப் கருவியை ஜப்பானில் விற்பனைக்கு விட்டபோது, அதில் போட்டு ஆட மூன்றே விளையாட்டுகள்தான் கடைகளில் இருந்தன. ஒன்றில் அலைகள்மேல் ஜெட் ஸ்கீ ஓட்டலாம். இன்னொன்றில் பந்துக்குள் அடைபட்ட குரங்கை உருட்டலாம். மூன்றாவது 'லூயிஜிஸ் மேன்ஷன்'. மரியோவின் தம்பி லூயிஜிக்கு, அவன் கலந்துகொள்ளவே கொள்ளாத போட்டி ஒன்றில், ஒரு மாளிகை பரிசாக விழுந்திருப்பதாகச் சேதி வருகிறது. போய்ப் பார்த்தால் வீடு முழுக்கப் பேய். முன்னால் வந்த அண்ணனைக் காணோம். பேராசிரியர் ஈ. காட் என்கிற குள்ளக் கிழவர் முதுகில் மாட்டிக்கொள்ளும் வாக்யூம் கிளீனர் ஒன்றையும் டார்ச் லைட்டையும் கொடுத்து அவனை உள்ளே அனுப்பிவைக்கிறார். மருண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இங்கே மருண்டவனும் இருக்கிறான், இருட்டும் இருக்கிறது, போதாததற்குப் பேயும் நிஜமாகவே இருக்கிறது. ஹிதேகி கொன்னோ இயக்கி, ஷிகெரு மியாமோட்டோவும் தகாஷி தெசுகாவும் தயாரித்த இந்த விளையாட்டு அதே ஆண்டு நவம்பரில் அமெரிக்காவுக்கும் 2002 மே மாதம் ஐரோப்பாவுக்கும் போனது. 30 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. கேம்கியூபில் அதிகம் விற்ற விளையாட்டுகளின் வரிசையில் அதற்கு நிலையான இடம் உண்டு.

இதைப் பற்றி இன்று வழக்கமாகச் சொல்லப்படும் கதை ஒன்று இருக்கிறது. வந்தபோது விமர்சகர்கள் உதறித் தள்ளினார்கள், ரசிகர்கள் கைவிடவில்லை, காலம் தீர்ப்பைத் திருத்தி எழுதியது என்பது அந்தக் கதை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, கணக்குத்தான் ஒத்துவரவில்லை. விமர்சகர்களின் மதிப்பெண்களைத் திரட்டிச் சராசரி போடும் மெட்டாகிரிட்டிக்கில் இந்த விளையாட்டுக்கு 100க்கு 78. அமெரிக்க விமர்சனத் தளங்களில் கேம்ஸ்பாட் 10க்கு 7.9 கொடுத்தது, ஐஜிஎன் 7 கொடுத்தது. நான்கு பேர் ஆளுக்குப் பத்து வீதம் போடும் ஜப்பானிய வார இதழ் ஃபமிட்சுவில் 40க்கு 34 கிடைத்தது. உதறித் தள்ளுகிறவர்கள் போடும் மதிப்பெண்களா இவை? ஆனால் கைதட்டும் இவற்றில் இல்லை. வீடியோ கேம் விமர்சனத்தில் பத்துக்கு ஏழு என்பது நம் ஊர்ப் பள்ளிக்கூடத்து எழுபது மார்க் மாதிரி: பையன் பாஸ், ஆனால் யாரும் இனிப்பு வாங்கிக் கொடுக்கமாட்டார்கள். ஆக, விமர்சகர்கள் வெறுத்தார்களா என்று கேட்பதில் பயனில்லை. ஒளி அமைப்பையும் ஒலியையும் லூயிஜியின் நடிப்பையும் அவ்வளவு ரசித்து எழுதியவர்கள், கடைசியில் ஏன் 'பரவாயில்லை' என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள் என்றுதான் கேட்க வேண்டும். அவர்கள் கையில் இருந்த அளவுகோலில் சிரிப்புக்கு ஒரு கோடு போடப்படவே இல்லை என்பது என் வாதம். அடுத்த இருபது ஆண்டுகளில் இந்தத் தொடருக்குக் கிடைத்த புகழையும் குறையையும் சேர்த்துப் பார்த்தாலும் அதே இடத்துக்குத்தான் வந்து நிற்கிறோம்.

அந்த அளவுகோலை முதலில் பார்த்துவிடலாம். அன்றைய ஐஜிஎன் ஒரு விளையாட்டை ஐந்து பெட்டிகளாகப் பிரித்துத் தனித்தனியே மதிப்பெண் போட்டது: அமைப்பும் அலங்காரமும், படம், ஒலி, ஆட்டம், எவ்வளவு நாள் தாங்கும். கேம்ஸ்பாட்டிலும் ஐந்துதான்: ஆட்டம், படம், ஒலி, கொடுத்த காசுக்கு மதிப்பு, விமர்சகரின் சொந்தச் சாய்வு. மெட்டாகிரிட்டிக் பிறந்ததும் 2001 ஜனவரியில்தான். பெட்டிகளை ஒற்றை எண்ணாக்கும் பழக்கம் ஊன்றிய காலம் அது. இந்தப் பெட்டிகள் பொருள் வாங்குபவருக்கான வழிகாட்டிகளாக உருவானவை. ஃபிரிட்ஜ் வாங்குபவருக்கு எத்தனை லிட்டர், எத்தனை நட்சத்திரம் என்று சொல்வதுபோல, ஐம்பது டாலர் கொடுப்பவருக்கு எத்தனை மணி நேரம் ஓடும், படம் எப்படி என்று சொன்னார்கள். அதில் தவறில்லை. ஆனால் நகைச்சுவை ஒரு விளையாட்டின் உயிராக இருக்கும்போது அதை எந்தப் பெட்டியில் போடுவது? லூயிஜி நடுங்கும் அசைவு 'படம்' பெட்டிக்குப் போனது. அவன் முனகல் 'ஒலி' பெட்டிக்குப் போனது. இவை இரண்டையும் உருவிக்கொண்ட பிறகு 'ஆட்டம்' பெட்டியில் மிஞ்சியது, டார்ச் அடித்துப் பேயை உறிஞ்சும் ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் எளிய ஆட்டம். அப்படிப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு அது சலிப்பாகத் தெரிந்ததில் வியப்பில்லை. குழம்பை வடிகட்டிவிட்டுப் புளித்தண்ணீர் சப்பென்று இருக்கிறது என்று சொன்ன மாதிரிதான்.

பிரிக்க முடியாதது என்று ஏன் சொல்கிறேன் என்பதற்கு விளையாட்டின் உள்ளே போக வேண்டும். இருட்டறைக்குள் நுழைந்ததும் பின்னணி இசையோடு சேர்ந்து லூயிஜி அதே மெட்டைப் பல்லைக் கடித்துக்கொண்டு முனகுகிறான். அறையில் இருக்கும் பேய்களை எல்லாம் பிடித்ததும் விளக்கு எரிகிறது. உடனே அதே மெட்டு சீட்டியாக மாறுகிறது. இருட்டில் தனியாகப் போகிறவன் பாட்டுப் பாடிக்கொண்டு போவதை உலகத்தில் எல்லோருக்கும் தெரியும், அதைத்தான் கொன்னோவின் குழு ஒலியாக்கியிருக்கிறது. பக்கத்தில் தொடவோ திறக்கவோ எதுவும் இல்லாத இடத்தில் ஒரு பொத்தானை அழுத்தினால் லூயிஜி அண்ணனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறான். அந்தக் கூப்பாட்டால் ஆட்டத்தில் ஒரு பயனும் இல்லை. ஆனால் அவன் உடல்நிலை இறங்க இறங்கக் குரலும் மாறுகிறது. நன்றாக இருக்கும்போது உரக்கக் கூப்பிடுகிறவன், அடிபட்ட பிறகு அழுகுரலில் இழுக்கிறான். பயனில்லாத பொத்தானை ஆடுபவர்கள் ஏன் மீண்டும் மீண்டும் அழுத்துகிறார்கள்? குரல் கொடுத்தவர் சார்ல்ஸ் மார்ட்டினே. ஆனால் எப்போது கூப்பிட வைப்பது என்பது ஆடுபவர் கையில் இருக்கிறது. சிரிப்பை வரவழைப்பவர் ஆடுபவரே என்றால், அது ஒலிப் பெட்டியில் அடங்குகிற சமாசாரம் இல்லை.

பேய் பிடிக்கும் முறையும் அப்படித்தான். முக்கியமான பேய்களுக்கு ஆளுக்கொரு குணம் உண்டு. அந்தக் குணத்தைக் கவனித்தால்தான் அவர்களின் இதயம் வெளியே தெரியும், பிடிக்க முடியும். வாசிப்பறையில் நாற்காலியில் ஆடிக்கொண்டு புத்தகம் படிக்கும் நெவில் கொட்டாவி விடும் நொடியில் டார்ச் அடிக்க வேண்டும். கண்ணாடி முன்னால் தலைவாரிக்கொண்டே இருக்கும் அவன் மனைவி லிடியா யாரையும் சட்டை செய்யமாட்டாள்; வாக்யூமால் திரைச்சீலையை இழுத்துக் காற்றை உள்ளே விட்டால், ஜன்னலை மூடலாம் என்று எழுந்து வருவாள். மேசை முழுக்கச் சோற்றுப் பருக்கை மிச்சமில்லாமல் தின்னும் லக்ஸ் என்ற பருத்த பேயிடம், அவன் சாப்பாட்டை எல்லாம் உறிஞ்சி எடுத்து ஆத்திரப்படுத்த வேண்டும். இவை சண்டைகளே இல்லை. வீட்டு மனிதர்களின் பழக்க வழக்கங்களைச் சீண்டிப் பார்க்கும் குறும்புகள். சீண்டியபின் வருவதுதான் இழுபறி. பேய் ஒரு பக்கம் இழுக்க, ஆடுபவர் ஸ்டிக்கை எதிர்ப்பக்கம் சாய்க்க, நடுவில் லூயிஜி காலைத் தேய்த்துக்கொண்டு தரையில் வழுக்கிப் போகிறான். பெரிய மீன் மாட்டிய தூண்டில்காரன் நிலைதான். ஒரே இழுப்பில் எவ்வளவு அதிகம் உறிஞ்சுகிறோமோ அவ்வளவு பெரிய முத்துகள் சிதறும். பேயைத் திரும்ப ஓவியமாக்கும்போது அதன் சட்டம் வெண்கலமா வெள்ளியா தங்கமா என்பதும் அதைப் பொறுத்தே. எளிய ஆட்டம் என்று எழுதியவர்கள் பலர், எப்படியாவது பிடித்தால் போதும் என்று பிடித்துக்கொண்டு போனவர்களாக இருக்க வேண்டும். தங்கச் சட்டத்துக்கு ஆசைப்பட்டவனுக்கு நெவிலின் கொட்டாவிகூடச் சாதாரணமாக அமையாது.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். குறை சொன்னவர்களின் முதல் குறை சிரிப்பைப் பற்றியதே இல்லையே, விளையாட்டு மிகச் சிறியது என்றுதானே சொன்னார்கள்? உண்மை. பழகியவர்கள் ஐந்தாறு மணி நேரத்தில் முடித்துவிடலாம். புதியவருக்கும் ஒரு வார இறுதி போதும். கடையில் வாடகைக்கு எடுத்து ஆடிவிடும் வழக்கம் இருந்த அமெரிக்காவில் இது பெரிய குறையாகத் தெரிந்ததைப் புரிந்துகொள்ள முடிகிறது. ஆனால் அளவு மட்டும்தான் காரணம் என்றால், அதே ஆண்டு வந்த வேறு சில விளையாட்டுகளின் மதிப்பெண்ணை விளக்க முடியாமல் போகும். பிளேஸ்டேஷன் 2இல் ஃபுமிதோ உயேடா செய்த 'ஈகோ'வும் அதே சில மணி நேரத்தில் முடிவதுதான். கொம்பு முளைத்த சிறுவன் ஒரு பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு பாழடைந்த கோட்டையைக் கடக்கிறான், அவ்வளவுதான் கதை. அதற்கு மெட்டாகிரிட்டிக் சராசரி 90. நிண்டெண்டோவே அதே கேம்கியூபில் வெளியிட்ட 'பிக்மின்' விளையாட்டு, முப்பது நாள் கெடு வைத்து முப்பது கப்பல் உதிரிகளைத் தேடச் சொல்லும்; அதுவும் சீக்கிரம் முடிந்துவிடும். அதற்கு 89. மூன்றும் சிறியவை. 'ஈகோ'வின் சிறுமையைச் சுருக்கம் என்றார்கள், கவிதை என்றார்கள். லூயிஜியின் சிறுமையைக் குறைபாடு என்றார்கள். சோகமான சிறுகதைக்கு யாரும் பக்க எண்ணிக்கை பார்ப்பதில்லை. சிரிப்புக் கதைக்கு மட்டும் அது துணுக்கா கதையா என்ற சந்தேகம் உடனே வந்துவிடுகிறது. கம்பீரத்துக்குக் கிடைக்கும் இந்தச் சலுகை திரைப்பட விருதுகளிலும் உண்டு, இலக்கியப் பரிசுகளிலும் உண்டு. வீடியோ கேம் விமர்சனம் வயதில் சிறியது என்றாலும் பெரியவர்களின் இந்த வழக்கத்தைச் சீக்கிரமே கற்றுக்கொண்டுவிட்டது.

'பிக்மின்' சோகமான விளையாட்டு இல்லையே, அது எப்படித் தப்பித்தது என்று கேட்டால், அதற்கான விடை லூயிஜி உட்கார வைக்கப்பட்ட நாற்காலியில் இருக்கிறது. 1996இல் நிண்டெண்டோ 64 கருவி வந்தபோது அதனோடு வந்தது 'சூப்பர் மரியோ 64'. முப்பரிமாண உலகில் ஒரு பாத்திரம் எப்படி ஓட வேண்டும், கேமரா எப்படிப் பின்தொடர வேண்டும் என்பதற்கு அதுவே இலக்கணமாகிவிட்டது. அடுத்த கருவியோடும் அப்படி ஒன்று வரும் என்று ஐந்து வருடம் காத்திருந்தவர்களுக்கு மரியோ வரவில்லை, தம்பி வந்தான். 'சூப்பர் மரியோ சன்ஷைன்' வர 2002 கோடைவரை ஆனது. வந்த தம்பிக்கோ குதிக்கவே தெரியவில்லை. இது சிறிய விஷயமில்லை. 1981இன் 'டாங்கி காங்' காலத்தில் மரியோவுக்குப் பெயரே குதிக்கிற மனிதன்தான். அந்தக் குடும்பத்தின் குலத்தொழில் குதிப்பது. அதைப் பறித்துவிட்டு, ஓட்டைக் குழாயோடு ஒருவனை வீட்டுக்குள் மெதுவாக நடக்கவிட்டால், மரியோ ஆட வந்தவர்களுக்கு ஏமாற்றமாகத்தான் இருக்கும். போட்டியில் எக்ஸ்பாக்ஸ் கருவியோடு அமெரிக்காவில் கேம்கியூபுக்கு மூன்று நாள் முன்னால் வந்திறங்கிய 'ஹேலோ' 97 வாங்கியது. 'பிக்மின்' யாருடைய நாற்காலியிலும் உட்காரவில்லை. புதிய முகம் என்ற வரவேற்பு அதற்குக் கிடைத்தது. லூயிஜியின் விளையாட்டோ, மியாமோட்டோ தயாரித்த மரியோ உலகத்து விளையாட்டு என்ற பெயரோடு வந்து, மரியோ விளையாட்டாக இல்லாமல் போனது. அதனால் விமர்சனங்களில் விளையாட்டைப் பற்றிய வாக்கியங்களும் நிண்டெண்டோவின் வியாபார உத்தியைப் பற்றிய வாக்கியங்களும் பின்னிக் கிடக்கின்றன. 'இது போதுமா' என்ற கேள்வி பல நேரம் கருவியைப் பார்த்துக் கேட்கப்பட்டது. மதிப்பெண்ணை மட்டும் விளையாட்டின் கணக்கில் கழித்துவிட்டார்கள்.

ஜப்பானிய ஃபமிட்சுவின் 34, நூற்றுக்குக் கணக்கிட்டால் 85 ஆகிறது; அமெரிக்கத் தளங்களைவிடக் கூடுதல். கோடைக்காலத்தில் பேய் வீடு கட்டிக் கட்டணம் வசூலித்துப் பயமுறுத்தும் பழக்கம் ஜப்பானில் பழையது. பயத்தைத் தமாஷாக அனுபவிப்பது அங்கே புதிதில்லை. அதை வைத்து ஜப்பானியர்களுக்கு இது புரிந்தது, மற்றவர்களுக்குப் புரியவில்லை என்று கோடு கிழித்துவிடலாம் என்ற ஆசை எழும். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஃபமிட்சுவின் மதிப்பெண்கள் பொதுவாகவே தாராளமானவை. ஒரு இதழின் நான்கு பேரை வைத்து ஒரு நாட்டின் ரசனையை அளக்கவும் கூடாது.

பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 2013 மார்ச்சில், 3டிஎஸ் கைக்கருவிக்கு இரண்டாம் பாகமான 'டார்க் மூன்' வந்தது. அந்த ஆண்டு லூயிஜிக்கு முப்பது வயது நிறைந்ததை நிண்டெண்டோ லூயிஜி ஆண்டு என்றே அறிவித்துக் கொண்டாடியது. கேம்கியூப் காலத்திலேயே முதல் பாகம் கண்ணாடி இல்லாத முப்பரிமாணப் படத்தில் ஓடும்படி செய்து பார்க்கப்பட்டது, திரையின் விலை கட்டுப்படியாகாததால் கைவிடப்பட்டது என்று நிண்டெண்டோவின் அன்றைய தலைவர் சதோரு இவாட்டா பின்னால் சொன்னார். அந்த வகையில் 3டிஎஸ் இந்த விளையாட்டுக்குத் தாமதமாக வந்த தாய்வீடு. இந்த முறை செய்தவர்கள் கனடாவின் வான்கூவரில் இருக்கும் நெக்ஸ்ட் லெவல் கேம்ஸ். சிறியது என்ற குறையை அவர்கள் நேராகவே எதிர்கொண்டார்கள். ஒரு மாளிகை ஐந்து இடங்களானது. ஒவ்வொரு இடமும் சிறுசிறு பணிகளாக வெட்டப்பட்டது. பலர் சேர்ந்து ஆடும் பகுதி ஒன்றும் வந்தது. மதிப்பெண் 86க்கு ஏறியது. 'எவ்வளவு நாள் தாங்கும்' என்ற பெட்டி நிரம்பிவிட்டது. ஆனால் அதே விமர்சனங்களைப் படித்துப் பார்த்தால் புதிய முணுமுணுப்பு ஒன்று கேட்கிறது: ஒரு பணியை முடித்ததும் பேராசிரியர் லூயிஜியைத் தன் இடத்துக்கு இழுத்துக்கொள்கிறார், அடுத்த பணிக்குப் போன வழியிலேயே மறுபடி போக வேண்டியிருக்கிறது, பணியின் கடைசியில் தோற்றால் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது, வீட்டில் அலைந்து திரியும் உணர்வு இல்லை. 2001இன் குறைக்குக் கொடுத்த மருந்து 2013இன் நோயானது. கொட்டாவி விடும் நெவில்களும் தலைவாரும் லிடியாக்களும் காணாமல் போய், பச்சைப் பேய், அடிக்கும் பேய், ஒளியும் பேய் என்று வகைப் பேய்கள் வந்தன. அவற்றின் சேட்டைகளைச் சுவர் ஓட்டை வழியாக எட்டிப் பார்க்கும் காட்சிகள் அபாரமானவை. ஆனால் அங்கே லூயிஜி பார்வையாளன். சீண்டிப் பார்க்கும் வேலை குறைந்துவிட்டது. எனக்கு 86 அதிகமாகத் தோன்றுவது அதனால்தான்.

என் வாதத்துக்கு எதிராக வைக்கக்கூடிய வலுவான சான்று 2018இல் வந்தது. முதல் பாகத்தையே கிரெஸ்ஸோ நிறுவனம் 3டிஎஸ்ஸுக்கு மறுபடி செய்துகொடுத்தது. காலம் தீர்ப்பைத் திருத்தியிருந்தால், சிரிப்பை மதிக்கக் கற்றிருந்தால், மதிப்பெண் ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை, மெட்டாகிரிட்டிக்கில் 74, பழையதைவிட நான்கு குறைவு. அப்படியானால் 2001இன் விமர்சகர்கள் சரியாகத்தான் சொன்னார்கள் என்று ஒருவர் முடிவு கட்டலாம். எதற்காகக் குறைத்தார்கள் என்று பார்த்தால் வேறொன்று தெரிகிறது. கேம்கியூப் கன்ட்ரோலரில் இரண்டு ஸ்டிக்குகள் உண்டு: இடது கையால் லூயிஜியை நடத்தி, வலது கையால் குழாயைத் திருப்பலாம், வலப்பக்கத் தோள்பொத்தானை அழுத்தி உறிஞ்சலாம். பழைய 3டிஎஸ்ஸில் இரண்டாவது ஸ்டிக் கிடையாது. புதிய மாதிரியில் இருந்ததும் பட்டாணி அளவு முனை ஒன்றுதான். பேயோடு இழுபறி நடக்கும்போது விரல் எங்கே போவது என்று தெரியாமல் தடுமாறுகிறது. கருவியைச் சாய்த்துக் குறிபார்க்கும் ஏற்பாடும் எல்லோருக்கும் ஒத்துவரவில்லை. கூடவே, நிண்டெண்டோவின் புதிய கருவியான ஸ்விட்ச் வந்து ஒன்றரை ஆண்டு ஆன பிறகு வயதான கருவியில் ஏன் என்ற கேள்வியும் இருந்தது. மாளிகையில் ஒரு அறையும் குறையவில்லை, பேய்களும் அதே பேய்கள்தான், படம்கூட மெருகேறியிருந்தது. கை தடுக்கிய இடத்தில்தான் சிரிப்பும் தடுக்கியது, மதிப்பெண்ணும் தடுக்கியது. நகைச்சுவை படத்திலோ ஒலியிலோ இருந்தால் இப்படி நடந்திருக்காது.

2019 அக்டோபர் 31 அன்று, மேலை நாட்டுப் பேய்த் திருநாளில், ஸ்விட்ச் கருவிக்கு மூன்றாம் பாகம் வந்தபோது நெக்ஸ்ட் லெவல் கேம்ஸ் குழு இரண்டு விமர்சனங்களையும் படித்துவிட்டு வந்திருந்தது தெரிந்தது. வீட்டுக்குப் பதில் ஹோட்டல். மாடிக்கு ஒரு உலகம். லிஃப்ட் பொத்தான்கள் களவு போயிருப்பதால் ஒவ்வொன்றாக மீட்டு மேலே ஏற வேண்டும். ஒரே கட்டடம், ஆனால் பெரியது. ஆளுக்கொரு குணமுள்ள பேய்களும் திரும்பி வந்தார்கள். சமையல்காரன், பியானோ வாசிப்பவன், தண்ணீர்த் துப்பாக்கி வைத்திருக்கும் காவலாளி. இவர்களில் மோர்ட்டி என்ற சினிமா இயக்குநர் பேய் எனக்குப் பிடித்தது. தொலைந்துபோன ஒலிபெருக்கிக் குழலைத் தேடிக் கொடுத்தால், லூயிஜியை வைத்தே பெரிய பூதம் ஊரை அழிக்கும் படத்துக்குக் காட்சி எடுத்து முடித்துவிட்டு, சண்டையே போடாமல் பொத்தானைக் கொடுத்துவிடுகிறது. பேய் வேட்டை விளையாட்டில் பேயோடு சண்டை போடாமலே ஒரு மாடியைக் கடக்கலாம் என்று முடிவெடுக்க, சிரிப்பின்மேல் பெரிய நம்பிக்கை வேண்டும். பல விமர்சகர்கள் இந்த மாடியைத் தனியாக எடுத்துப் பாராட்டினார்கள். 'தி கேம் அவார்ட்ஸ்' நிகழ்ச்சியில் அந்த ஆண்டின் சிறந்த குடும்ப விளையாட்டு விருது கிடைத்தது, விற்பனை 1 கோடியைத் தாண்டியது, 2021 தொடக்கத்தில் நிண்டெண்டோ நெக்ஸ்ட் லெவல் கேம்ஸ் நிறுவனத்தையே வாங்கியது. மதிப்பெண் மட்டும் மறுபடி 86. அதாவது சிதறிய 'டார்க் மூ'னும் ஒன்றுகூடிய ஹோட்டலும் சராசரியின் கண்ணுக்கு ஒன்றே. மதிப்பெண்ணை வைத்து ஆய்வு செய்வதில் எவ்வளவு ஓட்டை இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

மூன்றாம் பாகத்துக்கு வந்த குறைகளைக் கூர்ந்து பார்த்தால், விமர்சகர்கள் இந்த முறை சிரிப்பைச் சரியாகவே எடைபோட்டார்கள் என்று சொல்ல வேண்டும். பரவலாக எழுந்த புகார், பொத்தானைத் திருடிக்கொண்டு முடித்த மாடிகளுக்கே மறுபடி ஓடும் பூனைப் பேயைப் பற்றியது. ஒரு தடவை வேடிக்கை, இரண்டாம் தடவை அலைச்சல். நகைச்சுவை ஒருமுறைக்குமேல் சொல்லப்பட்டதால் செத்தது என்று அவர்கள் எழுதியது, ஆட்டத்தையும் சிரிப்பையும் பிரிக்காமல் ஒன்றாகப் பார்த்த தீர்ப்பு. இதே கண்ணோடு முதல் பாகத்தைப் பார்த்திருந்தால் அதன் உண்மையான குறையையும் பிடித்திருப்பார்கள். மாளிகையில் 50 'பூ' பேய்கள் ஒளிந்திருக்கின்றன. ஒன்றைப் பிடிக்கப் போனால் சுவரைத் துளைத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விடும், கதவைச் சுற்றிக்கொண்டு பின்னால் போக வேண்டும். அங்கே போனால் வேறெங்கோ. இதில் குணமும் இல்லை, குறும்பும் இல்லை, வெறும் ஓட்டம். நேரத்தை நீட்ட வைத்தது போலிருக்கும் அந்தப் பகுதியை விட்டுவிட்டு, நேரம் போதவில்லை என்று குறை சொன்னவர்கள் ஏராளம். சிறியது என்று சொல்லப்பட்ட விளையாட்டில் உண்மையில் வெட்ட வேண்டிய பகுதி ஒன்று இருந்தது.

சுலபமாக இருப்பதை மறைக்கத்தான் வேடிக்கை என்ற பேச்சு என்பவர்களும் உண்டு. அதில் பாதி நியாயம் இருக்கிறது. மூன்றாம் பாகத்தில் லூயிஜி சாவது அபூர்வம். திரை முழுக்கப் பணம் கொட்டினாலும் அதை வைத்து வாங்கப் பெரிதாக ஒன்றுமில்லை என்று பலர் எழுதியதும் சரிதான். முதல் பாகத்தில் அந்தப் பணத்துக்கு ஒரு வேலை இருந்தது, அதற்குக் கடைசியில் வருகிறேன். பயந்தாங்கொள்ளியைப் பார்த்து நாம் சிரிக்க வேண்டுமானால் அவன் பயத்துக்குக் கொஞ்சமாவது காரணம் வேண்டும். ஆபத்தே இல்லாத இடத்தில் நடுங்குபவன் கோமாளிகூட ஆகமாட்டான். ஐரோப்பியப் பதிப்பில், ஒருமுறை முடித்தபின் திறக்கும் இரண்டாவது மாளிகையை இடவலம் மாற்றி, பேய்களையும் கடுமையாக்கியிருந்தார்கள். ஆறு மாதம் தாமதமாகப் போன பதிப்பில் அதைச் சேர்த்ததைப் பார்த்தால், செய்தவர்களுக்கும் அந்தக் குறை உறைத்திருந்தது என்று ஊகிக்கலாம். அன்று குழந்தையாக ஆடியவர்கள் பெரியவர்களாகி எழுத வந்ததால் வந்த பாசம்தான் இன்றைய புகழ் என்ற வாதத்துக்கும் பதில் சொல்ல வேண்டும். பாசம் உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் பாசம் மட்டும் என்றால் 2018இன் மறுபதிப்பும் 2024இல் ஸ்விட்சுக்கு வந்த 'டார்க் மூன்' மெருகேற்றமும் தாராளமான வரவேற்பைப் பெற்றிருக்கும். பதினொரு வயதான கைக்கருவி விளையாட்டுக்குப் புதுசுக்குரிய அறுபது டாலரா என்று கேட்டார்கள், பணிகளாக வெட்டியதைப் பழையபடியே குறை சொன்னார்கள். பாசம் அவர்கள் கண்ணை மறைக்கவில்லை.

முதல் பாகத்தின் பணம் என்றேனே, அது இதுதான். மேசையை ஆட்டி, திரைச்சீலையை இழுத்து, சரவிளக்கைக் குலுக்கி லூயிஜி சேர்க்கும் நோட்டும் நாணயமும் முத்தும் கடைசியில் எண்ணப்படுகின்றன. அண்ணனை ஓவியத்திலிருந்து மீட்கும் இயந்திரத்தில் மரியோ படாத பாடு பட்டு வெளியே விழ, அதைப் பார்த்து லூயிஜி கண்ணில் நீர் வர வாய்விட்டுச் சிரிக்கிறான். பேய் மாளிகை மாயமாக மறைந்துபோன வெற்று மனையில், சேர்த்த பணத்துக்குத் தக்கபடி பேராசிரியர் அவனுக்கு ஒரு வீடு கட்டித் தருகிறார். வீட்டுக்குத் தரம் போட்டு ஏ முதல் எச் வரை எழுத்தும் கொடுக்கிறார்கள். கைநிறையச் சேர்த்தவனுக்குப் புது மாளிகை. அவசரமாக முடித்தவனுக்கு அந்த மனையில் ஒரு கூடாரம்.